இரவல் போன இரண்டு நீலத் தொட்டிகள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது இல்லை. இரவல் கொடுத்த தொட்டிகளுக்கு வாடகையாக நானே எடுத்துக்கொண்டது. பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அக்டோபர் முதல் வாரம், ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே ஒரு தொப்பி தெரிந்தது. தொப்பிக்குக் கீழே கெல், அந்த வீட்டு லோர்னாவின் தம்பி.

"டில், உன் கொட்டகை ஓரமா ரெண்டு நீலத் தொட்டி சும்மா கெடக்குதே. எரவல் குடேன்."

என் பெயர் திலகவதி. இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் நான் டில். கெல்லின் முழுப்பெயர் கெல்வின் டிரான்டர் என்பது, தவறி என் பெட்டியில் விழுந்த ஒரு கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும். அறுபத்தைந்து வயது மனிதரை அவன் இவன் என்று எழுதுகிறேனே என்று முகம் சுளிக்காதீர்கள். 'அவர்' போட்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். கெல்லுக்கு யாரோ கோட்டு மாட்டிவிட்டதுபோல் இருந்தது, கழற்றிவிட்டேன்.

"என்ன நடப் போற?" என்று கேட்டேன்.

கெல் இடமும் வலமும் பார்த்தான். "தக்காளின்னு வெச்சுக்கயேன்."

"தக்காளிக்கா இப்படிக் கண்ணடிக்கிற?"

"பழக்கதோஷம்."

கண்ணடிக்க அவசியமே இல்லை. கான்பெராவில் வீட்டுப் பின்பக்கம், சொந்த உபயோகத்துக்கு, ஆளுக்கு இரண்டு கஞ்சாச் செடி வளர்த்துக்கொள்ளலாம். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் மொத்தம் நாலு. தனியாக இருப்பவருக்கு இரண்டே இரண்டு. ஆனால் கெல்லின் அடுக்குமாடி வீடு இருப்பது குவின்பியனில். காரில் பதினைந்து நிமிடம்தான், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம். அங்கே இதே செடி போலீஸ் கேஸ். இந்த எல்லையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்குத் தேவைப்படும்.

தொட்டிகளைக் கொடுத்தேன். அன்றைக்கே வேலியோரம் ஒரு ஸ்டூலும் கொண்டுவந்து போட்டேன்.*

* துணி உலர்த்துவதற்கு. கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "அந்த வீட்டின் பின்பக்கம் நாலு கஞ்சா நாற்றுகள்"

இதோடு நிறுத்திவிட்டேன். தமிழில் அந்தச் சொல்லை எழுதினவுடன் கதைக்குள் ஒரு ஜீப் வந்து நின்றுவிடுகிறது. ஜீப்புக்குப் பின்னாலேயே மதுரையிலிருந்து என் அண்ணியின் போன். "பக்கத்து வீட்லயே இதெல்லாமா நடக்குது திலகா? மொதல்ல வேற வீடு பாரு." அண்ணிக்குச் சட்டத்தை விளக்கி முடிப்பதற்குள் செடி பூத்துவிடும்.

இரண்டாவது தொடக்கம்: "மண் என்பது"

'மண் என்பது' என்று ஆரம்பிக்கும் எதையும் நான் இதுவரை படித்து முடித்ததில்லை. உங்களை மட்டும் எப்படிப் படிக்கச் சொல்வேன்?

மூன்றாவது தொடக்கம்: "லோர்னாவின் வீட்டில் தயிர் டப்பாக்கள் வீணாவதில்லை."

இது பரவாயில்லை. யார் மீதும் வழக்கு வராது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

லோர்னாவின் வீட்டில் தயிர் டப்பாக்கள் வீணாவதில்லை. கழுவி, காயவைத்து, மூடி தனியாக டப்பா தனியாக அடுக்கி வைப்பாள். முப்பத்து நாலு வருடம் அரசாங்க இலாகா ஒன்றில் நடைமுறைக் குறிப்புகள் எழுதியவள் லோர்னா. படிவத்தை எப்படி நிரப்புவது, நிரப்பியதை யாரிடம் கொடுப்பது, அவர் விடுப்பில் இருந்தால் என்ன செய்வது, எல்லாம் எழுதுவாள். ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. அவள் வீட்டுப் பாத்திரம் துலக்கும் இயந்திரத்துக்குள் எந்தத் தட்டு எங்கே என்று ஒரு பக்கக் குறிப்பு ஒட்டியிருக்கிறது.

ஆகஸ்டில் அவளுக்கு இடுப்பு மாற்று அறுவை நடந்தது.* வலியில் உறக்கம் வரவில்லை. ஆறு வாரம் கூடமாட ஒத்தாசையாக இருக்க, தம்பி கெல் ஒரே ஒரு பையோடு குவின்பியனிலிருந்து வந்தான். செடி யோசனை அவனுடையது. நாலு தயிர் டப்பாவின் அடியில் சுட்ட ஆணியால் ஓட்டை போட்டு விதை போட்டவனும் அவன்தான்.* டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டியது மட்டும் லோர்னா: லோர்னா 1, லோர்னா 2, கெல்வின் 1, கெல்வின் 2.

"செடிக்குத் தெரியுமா லோர்ன், அது யாரோடதுன்னு?"

"அதுக்குத் தெரியாட்டி பரவால்ல. கேட்டா எனக்குச் சொல்லத் தெரியணும்டா."*

* 'இடுப்புன்னு எழுதாத, அசிங்கமா இருக்கு, முழங்கால்னு போடு' என்று லோர்னா கேட்டுக்கொண்டாள். அப்படியே போட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் முழங்கால் என்றே படியுங்கள்.

* விதை எங்கிருந்து வந்தது என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் ஒரே மாதிரி வானத்தைப் பார்த்தார்கள்.

* ஆங்கிலத்தில் இந்த 'டா' கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவள் குரலில் இருந்தது. நான் கேட்டேன்.

4

ஒரு விஷயத்தைக் கதையின் கடைசிவரை ஒளித்துவைத்து, உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பரில் ஒருநாள் நான் லோர்னாவுக்கு இட்லி கொண்டுபோயிருந்தேன். அதன் மேல் வெஜிமைட் என்கிற கறுப்பு உப்புக் களிம்பைத் தடவிச் சாப்பிட்டுக்கொண்டே (நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்) சொன்னாள். பதினோரு வருடத்துக்கு முன், மனைவி பிரிந்துபோன சமயம், கெல் இதே வீட்டு வாசலில் வந்து நின்று, கொஞ்ச நாள் இங்கே இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டானாம். அந்த அறையைப் படிப்பறையாக வைத்திருக்கிறேன் என்று லோர்னா சொல்லிவிட்டாளாம். அவன் சரி என்று போய்விட்டான். மறுபடி கேட்கவே இல்லை. கோபமும் படவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தான், சாப்பிட்டான், பாத்திரம் கழுவினான், போனான்.

"அந்த ரூம்ல நான் என்னத்த படிச்சேன்னு நெனைக்கிற?" என்று என்னிடம் கேட்டாள். "இஸ்திரி போட்டேன்."

இப்போது அந்த அறையில் கெல் படுக்கிறான். காலையில் ஒருவர் கெட்டிலைப் போட, இன்னொருவர் குறுக்கெழுத்தில் பாதியைத் தப்பாக நிரப்பி வைக்கிற வீடாகிவிட்டது அது. லோர்னாவுக்கு அவனை அனுப்ப மனமில்லை. ஆனால் அன்றைக்கு அவன் கேட்டபோது மறுத்தவள் இன்றைக்கு எந்த வாயை வைத்துக்கொண்டு 'இருடா' என்று சொல்வாள்? அவனும் இரண்டாம் முறை கேட்கிற ஜாதி இல்லை. ஆறு வாரம் பத்து வாரமாகிவிட்டது. ஃபிரிட்ஜ் கதவில் லோர்னாவே எழுதி ஒட்டியிருக்கிறாள்: நவம்பர், கோப்பைக்கு மறுநாள் புதன், கெல் திரும்புதல்.

அவ்வளவுதான் விஷயம். அவன் இருப்பானா, போவானா. மற்றதெல்லாம் மண்.

5

இனி மண்ணுக்கு வருவோம்.

கோப்பை என்றது மெல்பர்ன் குதிரைப் பந்தயத்தை. நவம்பர் முதல் செவ்வாய். கான்பெராவில் அதற்கு முன் யாரும் தக்காளி நாற்றைத் தரையில் வைக்கமாட்டார்கள், இங்கே அது வசந்தகாலம்தான், ஆனாலும் எப்போது வேண்டுமானாலும் உறைபனி விழும். ஊருக்கெல்லாம் தெரிந்த இந்த விதியை லோர்னா கஞ்சாவுக்கும் நீட்டித்தாள். கெல் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேர் டப்பாவுக்கு அடியில எட்டிப் பாக்குது லோர்ன். இன்னும் ஒரு மாசம் விட்டா உள்ளேயே சுத்திச் சுத்தி மூச்சு முட்டிரும்."

"கோப்பைக்கு முன்னாடி தரையில வைக்கிறதில்ல."

"தரைன்னு யார் சொன்னா? தொட்டியில வைக்கிறேன். தொட்டின்னா எப்ப வேணா தூக்கிக்கலாம்."

'எப்ப வேணா தூக்கிக்கலாம்' என்பது லோர்னாவின் காதில் வேறு மாதிரி விழுந்தது. செடி தரையில் வேர் விட்டால் ஏப்ரல் அறுவடைவரை ஆடாது, அசையாது. தொட்டி என்றால் நாளைக்கே காலி செய்யலாம். இவன் போகிற யோசனையில்தான் இருக்கிறான் என்று அவள் முடிவு கட்டினாள். முடிவு கட்டிவிட்டு, "உன் செடி, உன் இஷ்டம்" என்றாள்.

அப்படித்தான் என் நீலத் தொட்டிகள் வேலி தாண்டிப் போயின.

லோர்னாவின் இரண்டும் வெட்டிய பால் கேன்களுக்கு மாறின, மூட்டையில் வந்த உரமண்ணில். மூட்டையின் மேல் சிவப்பு டிக் இருக்கிறதா கறுப்பு டிக்கா என்று கண்ணாடி போட்டுப் பார்த்துத்தான் வாங்கினாள். சிவப்பு டிக் போட்டதில் உரம் முன்கூட்டியே கலந்திருக்கும். கெல்லுக்கு அது ஏளனம். முப்பது வருடம் நாற்றங்கால் ஒன்றில் வேலை செய்தவன் அவன். இந்த ஊர்ச் சாலையோரம் நிற்கிற பேங்க்சியா, கிரவில்லியா செடிகளில் பாதி அவன் கை பட்டது. கடை மண்ணை அவன் தொடுவானா? பட்டைத்தூள், பருமணல், தென்னை நார்த்தூள், வெள்ளைப் பொரிபோல் பெர்லைட், எல்லாம் அளந்து பழைய குளியல் தொட்டியில் கொட்டி, கையால் புரட்டி, ஒரு பிடி எடுத்து இறுக்கினான். உருண்டை நின்றது. விரலால் ஒரு தட்டு, பொலபொலவென்று உதிர்ந்தது.

"பாத்தியா டில்? இதுதான் மண்ணு."

நானும் ஸ்டூலில் இருந்தபடி பார்த்தேன். பார்க்கச் சாப்பிடலாம்போல்தான் இருந்தது.

நாற்றை மாற்றுகிற நேரத்தில் அவன் கையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஒரு மணி நேரம் முன்பே தண்ணீர் விட்டிருந்தான். தண்டைத் தொடவே இல்லை. இரண்டு விரல் இடுக்கில் நாற்றைத் தலைகீழாகக் கவிழ்த்து, டப்பா விளிம்பை உள்ளங்கையில் ஒரு தட்டு. வேரும் மண்ணும் அப்படியே டப்பா வடிவத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் வட்டம் கட்டியிருந்த வெள்ளை வேர்களைச் சுண்டுவிரலால் கொஞ்சமாகப் பிரித்துவிட்டு, முதல் இலைக்குக் கீழ்வரை புதைத்து, மேல்மண்ணை அழுத்தாமல் தூவினான்.

[இந்த இடத்தில், மனிதர்களையும் இப்படி அலுங்காமல் இடம் மாற்றலாம் என்று ஒரு வாக்கியம் எழுதினேன். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வாக்கியம். அடித்துவிட்டேன்.]

6

மூன்று வாரத்தில் லோர்னாவின் செடிகள் பால் கேனை விட்டுத் துள்ளிக்கொண்டு வளர்ந்தன. கெல்லின் செடிகள் அப்படியே நின்றன. அடி இலைகள் கருத்துப்போய், தண்டு ஊதாவாகி, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றன.

கெல் பூதக்கண்ணாடி வைத்துப் பூச்சி தேடினான். இரவில் குளிர் பட்டதோ என்று துணிக்கூடையைக் கவிழ்த்து மூடினான். என் தொட்டியைக்கூடச் சந்தேகப்பட்டான்.

"இதுல முன்னாடி என்ன வெச்சிருந்த டில்?"

"முருங்கை."

"என்ன ஆச்சு அது?"

"செத்துப்போச்சு. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கிறிஸ்துமஸ் அன்னிக்கு நீ வந்தப்ப, என்ன மண்ணு போடணும்னு உன்னத்தான் கேட்டேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் லோர்னாவின் சிரிப்பு கேட்டது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, பட்டைத்தூள் வந்த மூட்டையோடு வந்தாள். பின்பக்கப் பொடி எழுத்தை உரக்கப் படித்தாள்: நம் நாட்டுத் தாவரங்களுக்கு ஏற்றது, மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகக் குறைவு.

"கொறைவாத்தான் இருக்கணும்," என்றான் கெல். "மணிச்சத்து போட்டா செடி கருகிப் போயிரும்."

"எந்தச் செடி?"

"எல்லாச் செடியும். பேங்க்சியா, கிரவில்லியா, வாரட்டா…"

"அதெல்லாம் இந்த ஊர்க்காரச் செடிடா. காலங்காலமா பட்டினி கெடந்து பழகினது. இது வந்தேறி. இதுக்குச் சோறு போடணும்."

வந்தேறி என்ற சொல் கேட்டதும் நான் ஸ்டூலில் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். என் முருங்கைக்காகவும் சேர்த்துத்தான்.

கெல் தொட்டி விளிம்பைப் பிடித்தபடி குனிந்தே இருந்தான். "முப்பது வருஷமா எல்லார்கிட்டயும் இதத்தான் சொல்லிட்டிருந்தேன்," என்றான். "எதுவும் போடாதீங்க, எதுவும் கேக்காது, அதுபாட்டுக்கு வளரும்னு."

"எல்லாம் அப்படி இல்ல கெல்."

"கேட்டிருக்கலாமே, இந்தச் செடி. வாயத் தொறந்து."

"தண்டெல்லாம் ஊதாவாயிருச்சு. வேற எப்படிக் கேக்கும்?"

(கதாசிரியராக எனக்கு இங்கே ஒரு சந்தேகம். இவர்கள் செடியைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்களா? கெல் நிஜமாகவே செடியைப் பற்றித்தான் பேசினான் என்று நினைக்கிறேன். லோர்னா விஷயத்தில் அவ்வளவு உறுதியில்லை. ஆனால் அவள் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது, ஸ்டூல் இன்னும் அரை அடி உயரமாக இருந்திருக்கலாம்.)

7

இந்தக் கதையில் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று நான் பயப்படுகிற ஆள் லோர்னா. மனதில் இருப்பதை ஒரு வார்த்தையில் சொல்லாமல் மூன்று பக்கம் நடைமுறைக் குறிப்பு எழுதுகிற மனுஷி இருப்பாளா என்பீர்கள். இருக்கிறாள். கோப்பைக்கு முந்தின நாள் அச்செடுத்து எனக்கும் ஒரு பிரதி கொடுத்தாள். 'நாற்று நடுதல், பதிப்பு மூன்று.' குழியின் அகலம், ஆழம், களிமண்ணில் எவ்வளவு ஜிப்சம், எவ்வளவு மட்கு, நட்ட பிறகு எத்தனை நாள் நிழல்வலை, எல்லாம் இருந்தது. ஒரு செடிக்கு அரைப் பூவாளி தண்ணீர் என்றும் இருந்தது.

அந்தப் பூவாளியைப் பற்றிச் சொல்லவேண்டும். அறுவைக்குப் பிறகு அவளால் பூவாளியில் பாதிக்கு மேல் தூக்க முடியாது. அதனால் ஒரு செடிக்கு ஒருமுறை குழாய்க்குப் போவாள், பிடிப்பாள், வந்து ஊற்றுவாள், மறுபடி போவாள். அந்தக் குழாய் திறக்கும்போதெல்லாம் ஒரு கிறீச். தினமும் காலை ஏழு மணிக்கு எனக்கு நாலு கிறீச் கேட்கும். தோட்டத்தில் வேறு எதற்கும் தண்ணீர் கிடையாது, மற்றதெல்லாம் கெல் வைத்த பட்டினிச் செடிகள்.

குறிப்பின் கடைசி வரி இது: 'வசிப்போர் எண்ணிக்கை மாறினால், உபரிச் செடிகள் அதே நாளில் அகற்றப்படவேண்டும்.' லோர்னா எழுதினால் எழுதினதுதான். கெல் புதன்கிழமை போனால், புதன்கிழமையே கெல்வின் 1, கெல்வின் 2 இரண்டும் பிடுங்கப்படும். சட்டத்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடுகிறவள் இல்லை.

8

கோப்பை நாள். மத்தியானம் இரண்டரை. நான் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிற நாள், அதாவது ஸ்டூலின் மேல்.

நடுவதற்கு லோர்னா தேர்ந்தெடுத்தது கொட்டகையை ஒட்டிய மூலை. கெல் கடப்பாரையால் களிமண்ணைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். செங்கல் செங்கலாக வந்தது. இரண்டு குழி முடிந்திருந்தது, லோர்னாவின் இரண்டுக்கும். நெற்றி வியர்வையைத் துடைக்க நிமிர்ந்தவன், சுவரோரம் அடுக்கியிருந்த மண் மூட்டைகளைப் பார்த்தான். சிவப்பு டிக் போட்டவை.

"நாலு மூட்டை எதுக்கு லோர்ன்? ஒரு குழிக்கு ஒரு மூட்டைதான உன் குறிப்புல?"

"கடையில கேட்டாங்க. சொன்னேன்."

"என்ன கேட்டாங்க?"

"எத்தன செடின்னு."

"நாலுன்னா சொன்ன?"

"வீட்டுல இருக்கறதத்தான சொல்ல முடியும்?"

கெல் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தான். நீலத் தொட்டிகளில் இருந்த தன் இரண்டையும் பார்த்தான். ஒரு வாரமாக லோர்னா அவற்றுக்கு மீன் உரம் கலக்கி ஊற்றியிருந்தாள். நுனியில் புதிதாகப் பச்சை இலை வந்திருந்தது.

"நாளைக்கு நான் போறேன்ல," என்றான்.

"தெரியும். நான்தான எழுதி ஒட்டினேன்."

"அப்ப இந்த ரெண்டும்…"

"மூணாம் பக்கம், கடைசி வரி."

"படிச்சேன்." கையிலிருந்த மண்ணைத் தட்டினான். "குவின்பியனுக்கும் எடுத்துட்டுப் போக முடியாது."

"முடியாது."

"தப்புப் பண்ணது நானு, பிடுங்கிப் போடப்போறது அதுகள. பாவம்தான்."

லோர்னா கைத்தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். நான் ஸ்டூலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு

இந்த இடத்தில்தான் உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும். மணி மூன்று. எங்கள் தெரு முழுக்க டிவியைப் போடுகிற சத்தம். ஆபீஸ் குலுக்கலில் எனக்கும் ஒரு குதிரை விழுந்திருந்தது. ஓட்டம் நாலு நிமிடம்கூட வராது, ஓடிப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று உள்ளே போனேன். என்னைத் திட்டுங்கள், வேண்டியதுதான். குதிரை கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தது.

அதோடு ஆபீஸ் அழைப்பு ஒன்றும் பிடித்துக்கொள்ள, ஐந்து மணிக்குத் திரும்பி வந்தபோது மூலை முழுவதும் பச்சை நிழல்வலையால் மூடியிருந்தது. நட்ட செடிகளுக்கு மூன்று நாள் நிழல், இரண்டாம் பக்கம், ஐந்தாவது குறிப்பு. வலைக்குக் கீழே இரண்டு இருக்கிறதா நாலு இருக்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. கடப்பாரை தரையில் கிடந்தது. மூட்டைகளைக் காணோம். தொட்டிகளையும் காணோம். வீட்டுக்குள் கெட்டில் கூவியது.

9

நான் பார்க்காததை நான்தான் எழுதவேண்டும். மூன்று விதமாக எழுதினேன்.

முதல் விதம். லோர்னா சொல்கிறாள்: "அன்னிக்கு நான் பொய் சொன்னேன் கெல். அந்த ரூம்ல நான் இஸ்திரிதான் போட்டேன். நீ இங்கயே இரு." எழுதும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. படித்துப் பார்த்தால் பேசுவது லோர்னாவே இல்லை, நான். எங்கள் குடும்பத்தில்தான் இப்படி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டுவோம், மறுநாள் மறுபடி சண்டை போடுவோம்.

இரண்டாவது விதம். லோர்னா வாயை மூடிக்கொள்கிறாள். கெல் தன் இரண்டையும் தொட்டியிலிருந்து உருவி, மட்குக் குவியலில் போட்டு, இரண்டு குழியை மட்டும் நிரப்புகிறான். மீதி மூட்டை இரண்டும் அடுத்த வருடத் தக்காளிக்கு என்று கொட்டகைக்குள் போகின்றன. காலையில் கார். குறுக்கெழுத்தில் இனி பாதி தப்பு இருக்காது. இது நடந்திருக்க எல்லா நியாயமும் உண்டு. பதினோரு வருடமாக அந்த வீட்டில் இப்படித்தான் எல்லாமே நடந்திருக்கிறது. இதை எழுதிவிட்டு ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாவது விதம். கெல் கடப்பாரையை எடுத்து மூன்றாவது குழியை ஆரம்பிக்கிறான். லோர்னா, "இன்னும் ரெண்டு அங்குலம் அகலம்" என்கிறாள். அவன், "தெரியும்" என்கிறான். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதால்தான் நம்பமுடியவில்லை.

வாசலுக்குப் போய் கெல்லின் கார் நிற்கிறதா என்று பார்த்தால் தீர்ந்ததே என்பீர்கள். இன்று புதன், குப்பை வண்டி வருகிற நாள். நான் குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளவில்லை, வாசல் கதவையே திறக்கவில்லை. பார்த்துவிட்டால் அது கதை இல்லை, சேதி. சரி, அது சால்ஜாப்பு. நிஜத்தைச் சொன்னால், பயமாக இருக்கிறது.

10

காலை ஆறே முக்காலுக்குப் பின்பக்கக் கதவைத் திறந்தேன். வேலிக்கு இந்தப் பக்கம், ஸ்டூலின் மேல், என் நீலத் தொட்டிகள் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. கழுவித் துடைத்து வைத்திருந்தது. உள்ளே ஒரு சீட்டு, லோர்னாவின் கையெழுத்து.

'தொட்டிகள் இனித் தேவைப்படாது. நன்றி.'

முப்பத்து நாலு வருடம் குறிப்பு எழுதியவள், எதற்குத் தேவைப்படாது என்று எழுதவில்லை. தரைக்குப் போனாலும் தொட்டி தேவைப்படாது, மட்குக்குப் போனாலும் தேவைப்படாது. வாழ்நாளிலேயே அவள் எழுதிய ஒரே தெளிவில்லாத வாக்கியம் என் தலையிலா விடியவேண்டும்?

சீட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மணி ஏழு.

கிறீச்.

குழாய் திறந்தது. பூவாளி பாதி நிறைகிறது. நின்றது. கைத்தடி சரளைக்கல்லில் நடக்கிறது. தண்ணீர் விழுகிற சத்தம். திரும்பி நடக்கிறது.

கிறீச்.

இரண்டாவது. நிறைகிறது, நின்றது, நடக்கிறது, விழுகிறது. இதுவரை இரண்டும் லோர்னாவின் செடிகள்தான், இதில் சந்தேகமில்லை. கைத்தடி இப்போது சரளையில் நின்றுவிட்டது. மூச்சு வாங்குகிறாளா, முடித்துவிட்டாளா, தெரியவில்லை.

நான் காதைப் பொத்திக்கொள்கிறேன். இனி நீங்கள் கேளுங்கள்.